எலும்பில்லா நங்கூரம்

"சார், கொஞ்சம் தளர்த்துங்க."

"தளர்த்தியாச்சே."

"இல்ல சார், தொடை கல்லு மாதிரி இருக்கு."

"அது எப்பவுமே அப்படித்தாம்மா," என்றார் நங்கூரம், கட்டிலில் மல்லாந்து படுத்தபடி. குரலில் பெருமை வழிந்தது.

பெற்றவர்கள் அவருக்கு நங்கூரம் என்று பெயர் வைக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், கயிறு இழுக்கும் போட்டியில் கயிற்றின் கடைசி நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு நின்றவர் அவர். முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் சரிந்தாலும் அவர் சரிய மாட்டார். அதனால் நங்கூரம். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் ஓய்வு பெறவில்லை. தபால்காரர்கூட "நங்கூரம் சார் வீடு எது?" என்றுதான் விசாரிப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், தளர்த்து என்றால் தளர்த்துவாரா? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் விறைத்தார்.

அவருடைய வலது தொடையைச் சுற்றி ஒரு பட்டை மாட்டியிருந்தது. அதன் உட்புறம் வரிசையாகச் சின்னச் சின்ன உலோக வில்லைகள். ஒவ்வொரு வில்லையிலிருந்தும் ஒரு கம்பி கிளம்பி, பக்கத்து மேஜையில் இருந்த பெட்டிக்குப் போனது. கம்பி வழியாக மிகக் கொஞ்சமாக மின்சாரம் அனுப்புவார்களாம். உடம்புக்குத் தெரியவே தெரியாதாம். சதைக்குள் அது சுலபமாக ஓடும். கொழுப்பும் எலும்பும் லேசில் வழிவிடாது. ஓடிய வழியையும் ஓடாத வழியையும் வைத்து, தொடையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போலத் திரையில் ஒரு வட்டப் படம் வரும். சதை சிவப்பு, கொழுப்பு மஞ்சள், எலும்பு நீலம். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் அந்தப் பெண் இவ்வளவையும் பொறுமையாக விளக்கியிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும் சார். இந்த ஆராய்ச்சியில நாங்க முக்கியமா பாக்கப் போறது..." என்று அவள் தொடங்கியபோது,

"என் சதையத்தானே? நல்லா பாருங்க. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று அவர் பேனாவை வாங்கிவிட்டார்.

அவருக்கு அவசரம். போன மாதம் நிலைய அதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு காலத்தில் இவருக்குக் கீழே குழாய் சுருட்டியவர். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணே, இந்த வருஷம் மின்வாரியத்து ரிட்டயர்டு ஆளுங்களோட மறுபடியும் போட்டி. கயித்துக் கடைசியில உங்க மச்சினன நிறுத்தலாம்னு ஒரு பேச்சு..."

"ஏன், எனக்கென்ன?"

"போன வருஷம் கால் வழுக்கிடுச்சே அண்ணே."

"வழுக்கினது புல்லு. நான் இல்ல."

"வயசும் ஆகுது. சதை பிடிப்பு குறையுமில்ல..."

"குறைஞ்சிருக்கா கூடியிருக்கான்னு படத்தோட வர்றேன்," என்று எழுந்துவிட்டார் நங்கூரம். அறுபது தாண்டியவர்களின் தொடைச் சதையை அளக்க ஆள் தேவை என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு அவர் கண்ணில் முன்பே பட்டிருந்தது.

இப்போது படம் வந்தது. நங்கூரம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கோடையில் வற்றிய குளத்தின் நடுவே மிச்சமிருக்கும் சேறு போல, நசுங்கிய ஒரு சிவப்புத் திட்டு.

"இது யாரோட தொடைம்மா?"

"உங்களதுதான் சார்."

"முன்னாடி படுத்திருந்தவரோடதா இருக்கும். அழிக்க மறந்துட்டீங்க."

"முன்னாடி யாருமே படுக்கல சார். நீங்கதான் இன்னைக்கு முதல் ஆளு." அவள் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, "அடுத்த வாரமும் வருவீங்களா சார்? கண்டிப்பா வரணும்," என்றாள்.

இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாள் என்று அவருக்கு நெஞ்சைச் சுட்டது.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். "என்னங்க சொன்னாங்க?"

"அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்காங்க."

"எதுக்கு?"

நங்கூரம் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டார். "ஒரு படத்துல அடங்கலையாம்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்தே கைகூப்பினார். தையல்கடைக்காரர் ஓடிவந்து, "ஒரு படத்துல அடங்காத தொடையாமே! கால்சட்டை தைக்கும்போதே நினைச்சேன் சார்," என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இனி அந்தப் படம் நன்றாக வந்தே தீர வேண்டும்.

யோசித்தார். பயில்வான்கள் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். எண்ணெய் பூசினால் சதை திமிறிக்கொண்டு தெரியும். அடுத்த வாரம் புறப்படுவதற்கு முன் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு குப்பி எண்ணெயைத் தொடைக்குள்ளேயே இறக்கிவிடுவது போல் தேய்த்தார்.

பட்டை நிற்கவில்லை. மாட்ட மாட்ட முழங்காலுக்கு வழுக்கிக்கொண்டு போனது.

"ஏதாவது தடவியிருக்கீங்களா சார்?"

"நானா? இல்லையே. எனக்கு உடம்புவாகே இப்படி. கொஞ்சம் மினுமினுப்பு."

படம் வந்தது. போன வாரச் சேறாவது சேறாக இருந்தது. இது எலி கொறித்த துணி போல இங்கொரு ஓட்டை, அங்கொரு ஓட்டை. அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதைச் சேமித்து வைத்தாள். "சார், அடுத்த வாரம்..."

"வர்றேம்மா, வர்றேன்."

படுக்கை விரிப்பை மாற்ற வந்த அக்கா, பணியாளர் சீருடையில், இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்ன சார், விரிப்புல ஒரு முழுத் தொடை அப்படியே பதிஞ்சிருக்கு! இதையே சுவத்துல மாட்டலாமே, படம் எதுக்கு?"

நங்கூரம் காதில் விழாதது போல நடந்தார்.

திரும்பி வரும் வழியில், தெருமுனையில் மின்சாமான் கடை வைத்திருப்பவரிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்தார். "ஏம்ப்பா, கரண்டு நல்லா ஓடணும்னா என்ன பண்ணணும்?"

"எதுல ஓடணும் சார்?"

"பொதுவா கேக்குறேன்."

"உப்புத் தண்ணியில விடுங்க. ராஜபாட்டையில போற மாதிரி போகும்."

மூன்றாவது முறை போகும் நாளில் நங்கூரம் ஒரு சொம்பு நிறைய உப்புத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அதோடு விட்டாரா? ஒரு துண்டை உப்புக் கரைசலில் ஊறவைத்து, தொடையில் இறுகச் சுற்றி, அதன் மேல் கால்சட்டையை மாட்டிக்கொண்டார். பேருந்தில் உட்கார்ந்ததும் இருக்கையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த அம்மாள் கீழே பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய் நின்றாள்.

"வயசானா அப்படித்தான் பெரியவரே, சங்கடப்படாதீங்க," என்று நடத்துநர் மெதுவாகக் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்வதா, இந்தப் பழியைச் சுமப்பதா என்று நங்கூரம் ஒரு கணம் தடுமாறினார். பிறகு பழியையே சுமந்தார்.

ஆஸ்பத்திரிக் கழிவறையில் துண்டை அவிழ்த்துப் பையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று கட்டிலில் போய்ப் படுத்தார். பட்டை மாட்டியாயிற்று. பெட்டி முனகியது. திரையில் வட்டம் முழுக்க ஒரே சிவப்பு. திருவிழா பல்பு எரிவது போல ஜொலித்தது. நங்கூரத்துக்கு முகம் மலர்ந்தது.

"இப்ப எப்படி?"

அந்தப் பெண் வாயைத் திறந்து மூடினாள். "சார்... உங்களுக்கு எலும்பே இல்லன்னு காட்டுது."

"என்னது?"

"நடுவுல நீலமா ஒரு புள்ளி இருக்கணும். இல்ல."

"எலும்பு இல்லாமயா ரெண்டு மாடி ஏறி வந்தேன்?"

"நாக்குக்கு நரம்பில்லன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் விரிப்பு மாற்றும் அக்கா. "தொடைக்கு எலும்பில்லாதத இப்பத்தான் பாக்குறேன்."

அந்தப் பெண் ஓடிப்போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்லையே," என்று மெல்லச் சொன்னார். இருவரும் மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். நங்கூரத்தின் வயிற்றைக் கலக்கியது. பாதி பயம், பாதி அந்தச் சொம்புத் தண்ணீர். பட்டையை அவிழ்த்ததும் அவர் கழிவறையைப் பார்த்து ஓடிய ஓட்டத்தில், முப்பது வருஷத்துக்கு முந்தைய தீயணைப்பு வீரர் தெரிந்தார்.

அன்று சாயங்காலம் அவருக்கு ஞானம் பிறந்தது. குற்றம் தொடையில் இல்லை, மெஷினில்! அதை நிரூபிக்க ஒரே வழி, இன்னொருவரைப் படுக்க வைப்பது. யாரைப் படுக்க வைத்தாலும் அந்த மெஷின் எலும்பைத் தின்றுவிடும். அது மச்சினனாகவே இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"மாப்ள, ஆஸ்பத்திரிக்கு வர்றியா? சும்மா ஒரு படம்."

"வலிக்குமா மாமா?"

"உனக்கு ஒண்ணுமே தெரியாது."

மச்சினனும் தீயணைப்புக்காரர்தான், ஓய்வு பெற்று ஒரு வருஷம். யார் எதைச் சொன்னாலும் அப்படியே கேட்கிற ஆள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் படுங்கள் என்றாள், படுத்தார். தளர்த்துங்கள் என்றாள், தளர்த்தினார். பட்டையை மாட்டி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. படமும் வந்தது: கொழுகொழுவென்று சிவப்பு, ஓரத்தில் மெல்லிசாக மஞ்சள், நட்டநடுவில் முத்து மாதிரி நீலம். பாடப் புத்தகத்தில் போடலாம்.

"நல்லா வந்திருக்கு சார்," என்றாள் அந்தப் பெண், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"மாமா, இது என்னோட தொடையா? அழகா இருக்கு மாமா! ஒரு பிரதி கிடைக்குமா?"

நங்கூரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருங்க, நானும் படுக்குறேன். ஒரு நிமிஷம்," என்று வெளியே போனார். மாடிப்படியில் ஏறினார், இறங்கினார், ஏறினார், இறங்கினார். ரத்தம் பாய்ந்து சதை புடைக்கட்டும்! மூச்சிரைக்க ஓடிவந்து கட்டிலில் விழுந்தார். பட்டை மாட்டியதுதான் தாமதம், தொடை நரம்பு சுருண்டு இழுத்துக்கொண்டது. "ஐயோ!" என்று ஒரு துள்ளு. திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் புயலில் சிக்கிய காற்றாடி போலச் சுழன்றன. இன்னொரு துள்ளு. பட்டை படாரென்று அறுந்து, வில்லைகள் அறையெங்கும் சிதறின.

மச்சினன் மட்டும் குனிந்து வில்லைகளைப் பொறுக்கிக் கொடுத்தார். அந்த மரியாதையைத்தான் நங்கூரத்தால் தாங்க முடியவில்லை.

மறுநாளே மச்சினனின் தொடை, கண்ணாடிச் சட்டம் போட்டு, தீயணைப்பு நிலையச் சுவரில் ஏறியது. நிலைய அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கயித்துக் கடைசி இந்தத் தடவ உங்க மச்சினனுக்கு."

நங்கூரம் "சரி" என்று மட்டும் சொன்னார். அடுத்த அழைப்பு ஆஸ்பத்திரியிலிருந்து. "சார், நாளைக்குக் கண்டிப்பா வரணும். பேராசிரியர் உங்ககிட்டப் பேசணும்கிறார். மெஷின் கம்பெனிக்காரங்களும் வர்றாங்க."

பட்டை அறுந்த விவகாரம்தான். வேறென்ன?

கொல்லைப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மடித்த இடத்தில் மடிந்தபடியே அது அட்டை போல விறைத்து நின்றது. ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு."

அவர் துண்டை வாங்கக் கை நீட்டினார்.

"எண்ணெய்க் குப்பி காலி. உப்பு டப்பா காலி. நேத்து என் தம்பி, மாமா மாடிப்படியில ஏறி ஏறி இறங்கினாருன்னான். என்னங்க நடக்குது?"

சொன்னார். சேற்றிலிருந்து புயல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எரியிற வீட்டுக்குள்ள எத்தன தடவ போயிருக்கீங்க? வெளிய வந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு அதிகாரிகிட்டச் சொல்லுவோம்."

"எப்படி?"

"உள்ளது உள்ளபடி. ஒண்ணு கூட்டிச் சொன்னாலும் குறைச்சுச் சொன்னாலும் அடுத்து உள்ள போறவன் செத்துருவான்."

"அந்த மனுஷனுக்குத்தான் நான் கழுத்த நீட்டினேன். உப்புத் துண்டு கட்டிக்கிட்டுப் போற மனுஷனுக்கு இல்ல." எழுந்தாள். "நாளைக்கு நானும் வர்றேன்."

ஆராய்ச்சி அறையில் நிற்க இடமில்லை. கோட்டுப் போட்டவர்கள், மடிக்கணினியைத் திறந்து வைத்திருப்பவர்கள் என்று ஒரே கூட்டம். வெள்ளைச் சுவரில், ஆள் உயரத்துக்கு, நங்கூரத்தின் நான்கு படங்களும் வரிசையாகப் பிரகாசித்தன. சேறு, ஓட்டை, எலும்பில்லாச் சிவப்பு, புயல். நங்கூரம் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி பின்னாலிருந்து அவர் முழங்கையைத் தொட்டாள்.

"உக்காருங்க சார்," என்றார் பேராசிரியர்.

"நின்னுக்கிட்டே சொல்றேன் சார்." நங்கூரம் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்தார். தீ விபத்து அறிக்கை சொல்லும் அதே குரல் தானாக வந்தது. "முதல் படம். அந்தப் பொண்ணு தளர்த்தச் சொல்லுச்சு, நான் வேணும்னே விறைச்சுக்கிட்டேன். ரெண்டாவது, எண்ணெய் தடவியிருந்தேன். கேட்டப்போ இல்லன்னு பொய் சொன்னேன். மூணாவது, உப்புத் தண்ணி குடிச்சேன், உப்புத் துண்டும் கட்டியிருந்தேன். நாலாவது, மாடிப்படி ஏறி இறங்கிட்டு வந்து படுத்தேன். பட்டைய அறுத்ததும் நான்தான். இதுல அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவ்வளவுதான் சார்."

எல்லோரும் வேகவேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன எண்ணெய் சார்?" என்று ஒரு குரல்.

சொன்னார்.

"உப்பு எவ்வளவு போட்டீங்க?"

"கையளவு. ரெண்டு கை."

"துண்டு எவ்வளவு நேரம் கட்டியிருந்தீங்க?"

"வீட்டுலேருந்து இங்க வர்ற வரைக்கும்."

குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லச் சொல்ல, ஆச்சரியமாக, அவர் நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பயம் ஏது?

"இப்ப ஒரு படம் எடுத்துக்கலாமா சார்? எதுவும் தடவாம, எதுவும் குடிக்காம?" என்று கேட்டாள் அந்தப் பெண். கையில் புதுப் பட்டை.

படுத்தார். பழக்க தோஷம், தொடை தானாக இறுகியது.

"விடுங்க," என்றாள் மனைவி, தலைமாட்டில் நின்றபடி. "கயித்த இப்ப யாரும் இழுக்கல."

நங்கூரம் மூச்சை வெளியே விட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கால் தளர்ந்தது. பெட்டி முனகியது. சுவரில் ஐந்தாவது படம் எழுந்தது. கரை நிறைந்த ஏரி போலத் தளதளவென்று சிவப்பு. அதன் நடுவே ஆடாமல் அசையாமல் நீலம்.

"உங்க மச்சினன் படத்துக்கு இம்மியும் குறைவில்ல சார்," என்றாள் அந்தப் பெண். "ஒரு பங்கு கூடவேதான் இருக்கு."

மனைவி முந்தானையால் கண்ணின் ஓரத்தை ஒற்றிக்கொண்டு, யாரோ தன்னையே பாராட்டிவிட்டது போல நிமிர்ந்து நின்றாள்.

கோட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து நங்கூரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பேராசிரியர் இரண்டு கையாலும் குலுக்கினார். கம்பெனிக்காரர் ஒருவர் தோளைத் தட்டினார். பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவர்களுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று அவர் வியந்தார்.

நடைகூடத்துக்கு வந்ததும் தொலைபேசி அடித்தது.

"மாமா, நேத்துப் பயிற்சியில முதுகு புடிச்சுக்கிச்சு. நிமிர முடியல," என்றார் மச்சினன். "தொடையத்தானே படம் எடுத்தாங்க, முதுக எடுக்கலையே! ஆபீசர் உங்களத்தான் கடைசியில நிக்கச் சொல்றார். வருவீங்களா?"

"வர்றேன் மாப்ள. நீ சூடா ஒத்தடம் குடு. ஆபீசர்கிட்ட முதல்ல நான் ஒரு உப்புக் கதை சொல்லணும். அதக் கேட்டப்புறமும் நான் வேணும்னு சொன்னா நிக்கிறேன்."

விரிப்புகளை அள்ளிக்கொண்டு அந்த அக்கா எதிரே வந்தாள். நங்கூரம் அவளை நிறுத்தினார். யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

"ஏம்மா, இத்தன நாள் அவங்கள ஏமாத்தியிருக்கேன். பட்டையவே அறுத்திருக்கேன். ஒருத்தர்கூடத் திட்டல, வரிசையா வந்து கை குலுக்குறாங்க. என்னோட பித்தலாட்டத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு மரியாதை?"

அவள் விரிப்பை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"என்ன சார் நீங்க, அவங்க சோதிச்சது உங்க தொடைய இல்ல, மெஷின, சொன்னபடி படுத்து எந்திரிச்ச தொடை இங்க நூறு வந்து போயிடுச்சு, மெஷினத் தோக்கடிச்ச தொடை உங்களது ஒண்ணுதான்!"